ஓய்விலே கெடும் யந்திரம்

கடல்மட்டத்துக்குமேல் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பது பெங்களூர். அதில் அடுகோடி என்னும் பகுதியில் குடியிருக்கும் ஒருவன் படகு யந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது நேயர்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அலையின் ஓசையை நாங்கள் கேட்பது விடுமுறைக்கு ஊர் செல்லும்போதுதான். ஆயினும் நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் ஓடுகின்ற விசைப்படகுகளுக்கும் இந்த அடுகோடிக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

1951-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு, மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரில் பெங்களூரில் ஒரு தொழில் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அடுகோடியில் எழுந்த அதன் தொழிற்சாலையை ஊரார் மைக்கோ என்ற சுருக்கப் பெயராலேயே அறிவர். பெட்ரோல் யந்திரத்துக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக்கும், டீசல் யந்திரத்துக்கு எரிபொருளைப் பீச்சித் தரும் பம்பும் அங்கே உருவாயின. அதன் சங்கொலிக்கு எழுந்து, அதன் சங்கொலிக்குச் சோறுண்டு வாழ்ந்த குடும்பங்கள் எங்கள் தெருக்களில் பல. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் குறைவல்ல. 2008-இல் அந்நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிற்று. பம்பு செய்யும் வேலையும் பின்னர் மைசூர்ச் சாலையில் உள்ள பிடதிக்குப் பெயர்ந்தது. நான் அத்தொழிற்சாலையின் ஊழியனல்லன். ஓசூர்ச் சாலையை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் லாரிகளின் பம்புகளைப் பிரித்துச் செப்பனிட்டு முப்பது வருஷங்கள் கழித்தவன். லாரியில் ஓடும் யந்திரமே கடலுக்குத் தக்கபடி சிறிது மாற்றப்பெற்று விசைப்படகிலும் ஓடுகிறது. லேலண்ட் யந்திரங்கள் இதற்குத் தெரிந்த உதாரணம். ஆகவே கடலை அறியாத நான் கடலில் ஓடும் யந்திரத்தை ஓரளவு அறிவேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குளிர்நாடுகளில் படகு வைத்திருப்போருக்கு இலையுதிர்காலம் முடிந்தவுடன் ஒரு கடமை உண்டு. படகைக் கரையேற்றி, யந்திரத்தினுள் தங்கிய நீரை முழுதும் வடித்து, அல்லது அதிலே உறையாத்திரவத்தைக் கலந்து, வசந்தம் வரும்வரை மூடிவைக்கிறார்கள். காரணம் எளியது. பதினொரு படி நீர் உறைந்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு படிப் பனிக்கட்டி ஆகிறது. அந்த ஒரு படி மிகுதிக்கு வார்ப்பிரும்பில் இடமில்லை; யந்திரத்தின் உடலே பிளந்துவிடும். டீசலும் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். அல்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் எஞ்சினியர் குழுவில் சேர்ந்து லடாக் வரை சென்ற தமிழ் வீரர்களுக்கு இது புதிய செய்தியன்று. அங்கே பாங்காங் ஏரி உப்பு நீராக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துபோகிறது. உறையாத்திரவம் இனிப்புச் சுவையுடைய நஞ்சு என்பதையும், குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பதையும் வடக்கே வாழும் நேயர்கள் நினைவில் கொள்வார்களாக.

நம் கடற்கரையில் நீர் உறைவதில்லை. அதனால் யந்திரத்தை ஓய்வுக்கு ஆயத்தம் செய்யும் வழக்கமே நமக்கு வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டோம். ஆனால் பனி தராத ஓய்வைச் சட்டம் தருகிறது. மீன்கள் இனம் பெருக வேண்டி 2001 முதல் தமிழகக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 45 நாள் தடை இருந்து வந்தது. 2017-இல் அது 61 நாளாக நீண்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. இரண்டு மாதம் முழுவதும் யந்திரம் சும்மா கிடக்கிறது. வலையைப் பிரித்துத் தைக்கிறார்கள். பலகைகளின் இடுக்கை அடைத்துச் சாயம் பூசுகிறார்கள். படகின் முகப்பில் புதிதாகப் பெயர் எழுதுகிறார்கள். யந்திர அறையின் மூடியை மட்டும் திறப்பதில்லை. ஓடாத யந்திரத்துக்கு என்ன தேய்மானம் என்பது அவர்கள் கேள்வி.

என் மைத்துனர் ஒருவர் நாகப்பட்டினத்துக்கு அடுத்த அக்கரைப்பேட்டையில் ஒரு விசைப்படகில் பங்கு வைத்திருக்கிறார். 61 நாள் தடை வந்த முதல் வருஷம் அது. ஜூன் 15 அதிகாலையில் எல்லாப் படகுகளும் புறப்பட்டன. இவருடைய படகின் யந்திரம் மட்டும் உறுமிற்றே ஒழிய உயிர்பெறவில்லை. “அத்தான், எஞ்சின் தூங்கிவிட்டது” என்று தொலைபேசியில் சொன்னார். பம்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழுது பார்க்கும் கடையில் அதே நோயோடு வேறு பதினான்கு பம்புகள் வரிசையில் காத்திருந்தன. தடை நீங்கிய முதல் வாரத்து மீன்பாடே வருஷத்தில் சிறந்தது என்பது நேயர்கள் அறிந்ததே. அந்த வாரம் முழுவதும் அவர் கரையில் நின்று மற்றவர்களின் மீனை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் அவசர அவசரமாகப் பூட்டிப் புறப்பட்டார்கள். கோடியக்கரைக்கு அப்பால், நள்ளிரவில், யந்திரம் மீண்டும் நின்றது.

ஜூன் மாதத்தில் அங்கே கச்சான் காற்று. மேற்கிலிருந்து வீசும் அக்காற்று நின்றுபோன படகைக் கிழக்கே தள்ளும். கிழக்கே இருப்பது 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட கடல் எல்லை. அக்கோடு நீரில் தெரிவதில்லை. யந்திரம் நின்று காற்றால் தள்ளப்பட்டு வந்தவனையும், மீனைத் தேடி வேண்டுமென்றே வந்தவனையும் இருட்டில் பிரித்தறிய முடியுமா? ஆறு பேர் அந்தப் படகில் இருந்தனர். விடியும் நேரத்தில் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது, அது தெய்வாதீனம்.

அவர்களைப் பற்றி நான் குறைகூற வரவில்லை. பம்பின் உடற்கூறு முழுவதும் அறிந்தவன் நான். வருஷந்தோறும் தீபாவளிக்குக் கடிதமும் பணமும் அனுப்பியவன். யந்திரத்தை எப்படி ஓய்வில் வைப்பது என்று ஒரு வரி எழுதியதில்லை. இப்பேச்சுக்கு அதுவே காரணம். வெளி மாநிலங்களில் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் கை பழகிய தமிழர் பல்லாயிரவர். ஊரில் இருக்கும் தம்பியோ மைத்துனரோ படகில் பங்கு வைத்திருக்கிறார் என்றால், நாம் கற்றதில் ஒரு பகுதி அவருக்கு உரியது.

அந்தப் பம்பில் என்னதான் நேர்ந்தது? அதனுள்ளே ஒரு சிறு எஃகு உருளை, மற்றொரு எஃகுக் குழலுக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. இவ்விணையை மெக்கானிக்குகள் எலிமெண்ட் என்பர். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு மூன்று பங்கு. நம் தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. இணை இணையாக உரசிப் பொருத்தியவை ஆதலால், ஒன்றின் உருளையை மற்றொன்றின் குழலில் போட முடியாது. இத்தனை நெருக்கம் இருந்தால்தான் காற்றின் அழுத்தத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் டீசலைப் பனிப்புகைபோலப் பீச்ச முடிகிறது. இத்தகைய பம்பை 1927-இல் ஸ்டுட்கார்ட் நகரில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் யந்திரம் லாரிக்கும் சிறு படகுக்கும் ஏற்றதாயிற்று. அந்த இடைவெளியில் மசகு எண்ணெய் கிடையாது. டீசலே அதற்கு மசகு. டீசலுக்குப் பதிலாக ஒரு துளி நீர் அங்கே இரண்டு மாதம் தங்கினால், கண்ணுக்குத் தெரியாத துரு போதும், உருளை குழலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பலரும் டீசல் விற்றவன்மேல் பழி போடுவார்கள். சில சமயம் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நீர் நம் தொட்டியிலேயே பிறக்கிறது. தடைக்கு முந்தைய கடைசிப் பயணத்தோடு தொட்டி பாதிக்குமேல் காலியாகிவிடும். காலியான இடத்தில் கடற்காற்று நிற்கிறது. பகலில் தொட்டி காய்கிறது, இரவில் குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்வைபோல் படிந்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்ச் சேர்கிறது. அறுபது இரவும் இப்படி. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வேறு பெருகிப் பாசிபோல் கருங்கசண்டை உண்டாக்கும். என் மைத்துனர் படகின் வடிகட்டியில் அவ்வகைக் கசண்டு கைப்பிடி அளவு இருந்ததாம். இரண்டாம் முறை நடுக்கடலில் நின்றதற்கும் அதுவே காரணம். பம்பைச் செப்பனிட்டவர்கள் தொட்டியைக் கழுவ மறந்துவிட்டார்கள்.

ஆகையால் முதல் வேலை, தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரையும் கசண்டையும் வடித்துவிட்டு, தொட்டியை வாய்வரை டீசலால் நிரப்புவது. தடைக்காலத்தில் யாரிடம் பணம் இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. நிரப்ப இயலாவிட்டால் முழுதும் வடித்துத் துடைத்து உலர வைத்துவிட வேண்டும். அரைத் தொட்டியாக விடுவதே எல்லாவற்றிலும் கேடு. வடிகட்டிகளைப் புதிதாக மாற்றி, அவற்றில் சுத்தமான டீசலை நிரப்பி, யந்திரத்தைக் கடைசியாக ஒருமுறை ஓட்டினால், அந்தத் தூய டீசல் பம்பின் உள்ளும் நாசிலின் உள்ளும் போய் நின்று இரண்டு மாதமும் காவல் காக்கும்.

அடுத்தது மசகு எண்ணெய். இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. தடை முடிந்து கடலுக்குப் போகும்போது புது எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம் என்று பழைய எண்ணெயை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். கந்தகம் குறைந்த டீசல் வந்துவிட்ட இக்காலத்திலும் பழைய எண்ணெயில் கரியும் ஈரமும் அமிலமும் கலந்தே இருக்கின்றன. அது பேரிங்குகளின் மென்மையான உலோகத்தை இரண்டு மாதமும் அரித்துக்கொண்டிருக்கும். எண்ணெயை மாற்ற வேண்டியது ஓய்வுக்கு முன்பு. அதுவும் யந்திரம் நன்றாகச் சூடேறியிருக்கும்போது. சூட்டில்தான் கசண்டும் எண்ணெயோடு சேர்ந்து வடியும். புது எண்ணெய் ஊற்றிச் சில நிமிஷம் ஓட்டி நிறுத்திவிட வேண்டும். செலவு ஒன்றே, செய்யும் நாள்தான் வேறு.

மூன்றாவது உப்பு. யந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் ஓடிய வழிகளில் அந்நீர் தேங்கினால், நீர் வற்ற வற்ற உப்பு கெட்டியாகித் துளைகளை அடைக்கும், இரும்பையும் தின்னும். ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரை வைத்து, கடல்நீர் இழுக்கும் குழாயை அதில் போட்டு, யந்திரத்தை ஓட்டி உள்வழிகளைக் கழுவிவிட்டுப் பின்பு முழுதும் வடித்துவிட வேண்டும். குளிர்விப்பானில் செருகியிருக்கும் துத்தநாகத் துண்டையும் அப்போது பாருங்கள். கடல்நீரில் உலோகங்களுக்கிடையே உண்டாகும் மின் அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு மற்ற உலோகங்களைக் காப்பது அதன் தொழில். பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுக. அதன் விலை ஒரு நாள் கூலிகூட இராது. நீர்ப் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி ஒரு டப்பியில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் வளைந்தபடியே கிடந்தால் அதன் இறகுகள் நிமிரமாட்டா.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் மாதம் ஒருமுறை மின்னேற்ற வேண்டும். பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். புகைக்குழாயின் வாயையும் காற்று இழுக்கும் வாயையும் எண்ணெய்த் துணியால் அடைக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் இறங்கும், குளவி கூடு கட்டும். அடைத்ததை எழுதி ஓர் அட்டையைச் சுக்கான் சக்கரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அடைத்தவன் ஒருவனாகவும் ஓட்டுபவன் வேறொருவனாகவும் இருப்பது படகுகளில் சகஜம்.

வாரம் ஒருமுறை யந்திரத்தை ஐந்து நிமிஷம் ஓட்டி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது நன்மையைவிடத் தீமையே செய்யும். ஐந்து நிமிஷத்தில் யந்திரம் சூடேறுவதில்லை. எரிந்த டீசலிலிருந்து பிறக்கும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே வியர்த்து எண்ணெயில் கலக்கும். படகு கரையேறி நிற்கும்போது ஓட்டினால் நீரில்லாமல் இம்பெல்லரும் கருகும். ஓட்டாமல், வாரம் ஒருமுறை பிளைவீலில் கடப்பாரை கொடுத்துக் கையால் ஒன்றேகால் சுற்றுச் சுற்றி, முன்பு நின்ற இடத்திலே நில்லாதபடி விடுவதே போதும். எண்ணெய் எங்கும் படரும்; பிஸ்டன் வளையங்கள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளமாட்டா.

கண்ணாடியிழைப் படகில் வெளியே தொங்கவிடும் பெட்ரோல் மோட்டார்களுக்கு முறை சிறிது வேறு. ஒரு தொட்டி நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். பின்னர் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டுத் தானே நிற்கும்வரை ஓட்டினால் கார்புரேட்டர் காலியாகும். பெட்ரோல் அங்கே தங்கினால் பிசினாக இறுகி நுண்துளைகளை மூடிவிடும். பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டுக் கயிற்றை மெல்ல இழுத்துவிட்டு, மோட்டாரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்து வந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

மேற்குக் கரையில் தொழில் செய்வோர்க்கு ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டத்தவர் பலர் கொச்சியிலும் மங்களூரிலும் படகில் இருக்கிறார்கள். கிழக்கே தடைக்காலம் கோடை. மேற்கே அது தென்மேற்குப் பருவமழையின் நட்டநடு. தொட்டி வியர்ப்பதும் இரும்பு துருப்பதும் அங்கே இரு மடங்கு எனலாம். அந்தக் கரையில்தான், கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில், 1953-இல் நார்வே நாட்டின் உதவியோடு மீன்படகுகளில் யந்திரம் பொருத்தும் திட்டம் தொடங்கிற்று. யந்திரம் வந்து எழுபது வருஷம் கடந்தும் அதை உறங்கவைக்கும் முறை ஊரெங்கும் பரவவில்லை என்பது சிறிது வருத்தந்தான். பருவமழையில் யந்திர அறையை முழுதும் மூடி அடைத்துவிடாமல், மழை புகாதபடி மட்டும் காற்றோட்டம் விட்டு, வெளித்தெரியும் இரும்பிலெல்லாம் கிரீஸ் தடவுவது அங்கே அவசியம்.

தடை முடிவதற்கு நான்கு நாள் முன்பே யந்திரத்தை எழுப்ப வேண்டும். கடைசி நாள் எழுப்பினால், கெட்டிருப்பது தெரிந்தும் பயனில்லை. கடைகளில் வரிசை நின்றுவிடும். அட்டையில் எழுதியபடி அடைப்புகளை எடுத்து, இம்பெல்லரைப் பூட்டி, வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் நீர் இருக்கிறதா என்று பார்த்து, குழாய்களில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றி, முதலில் எரிபொருளை நிறுத்திவைத்துச் சில சுற்றுச் சுற்றவிட்டு, அதன் பின்னரே உயிர் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் துறைமுகத்துக்குள்ளேயே பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

என் மைத்துனர் இப்போது தடைக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பிளைவீலைச் சுற்றுகிறார். சுற்றியதும் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. சென்ற முறை தடை முடியும் தறுவாயில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன், ஒரு கோடு குறைந்தது. கேட்டதற்கு, “ஒரு வெள்ளிக்கிழமை மகளைப் பெண்பார்க்க வந்துவிட்டார்கள், அத்தான். மறுநாள் சுற்றிவிட்டேன், கோடு போடத்தான் மறந்துபோயிற்று” என்றார். ஜூன் 15 அன்று காலை ஆறு மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. படகு அதற்குள் கடலில் வெகுதூரம் போயிருந்தது.